சந்தனமாரியின் நடை

என் அம்மாவை நான் ஆள் மாறி அடையாளம் கண்டது ஏழாவது வயதில்.

அன்று பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டுவிட்டார்கள். நேராக உப்பளத்துக்கு ஓடினேன். உச்சி வெயிலில் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு வேலை. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. நடுவே பாத்தி வரப்பின்மேல் பெண்கள் உப்புப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாக உப்பைக் குவிக்கும் அம்பாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டு, முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். கழுத்து அசையாது. வலது கை பெட்டியில், இடது கை உடம்பைவிட்டு ஒரு சாண் தள்ளி. வழுக்கும் வரப்பைக் கால்விரல்களால் கவ்விக் கவ்வி, எல்லோருக்கும் ஒரே நடை. மூன்றாவதாக வந்தவளின் காலைப் போய்க் கட்டிக்கொண்டேன்.

அது அம்மா இல்லை. அம்மாவின் கூட்டாளி புஷ்பம் சித்தி.

சித்தி பெட்டியைக் கொட்டிவிட்டு வந்து துணியை அவிழ்த்துச் சிரித்தாள். "எவளா இருந்தா என்னட்டி? உக்காரு, சோத்தத் தின்னு" என்று தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். பழைய சோறும் சுட்ட கருவாடும். அம்மா வந்து பார்ப்பதற்குள் பாதிச் சட்டியைக் காலி செய்திருந்தேன். அதற்குப் பிறகும் பலமுறை ஆள் மாறினேன். சில நாள் வேண்டுமென்றே. லூர்தம்மாள் சித்தியின் சட்டியில் மீன் குழம்பு இருக்கும்.

முப்பத்தைந்து வருடம் கழித்து, அதே தவறை ஓர் இயந்திரம் செய்தது.

"ரேஷன் கடைக் கதவு செவப்பு போடுது" என்று அம்மா போனில் சொன்னபோது நான் சென்னையில் இருந்தேன். அவளுக்கு அதில் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. போகிற போக்கில் சொன்னாள். நான்தான் அடுத்த ரயிலைப் பிடித்துத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தேன்.

அப்போது ஊரில் எந்தக் கதவுக்கும் அட்டை கிடையாது, சாவி கிடையாது. ரேஷன் கடை, பஸ், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எல்லாவற்றின் முன்னாலும் பத்தடி நீளத்துக்கு ஒரு நடைபாதை. அதில் நடந்து வந்தால் மேலே இருக்கும் நடைக்கண் பார்த்து, ஆள் இன்னாரென்று பேர் சொல்லிப் பச்சை விளக்குப் போடும். கதவு திறக்கும். பேர் தெரியாமல் ஒரு ஆள் எங்கேயும் நுழைய முடியாது. சின்ன வயதில் நானும் கூட்டாளிகளும் திருச்செந்தூர் திருவிழாக் கூட்டத்தில் யாருக்கும் யாரென்று தெரியாமல் மூன்று நாள் சுற்றியிருக்கிறோம். அதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் பொய் என்கிறார்கள்.

லூர்தம்மாள் சித்தியின் மகன் பெலிக்ஸ் நடைப்பதிவு அலுவலகத்தில் பழுது பார்ப்பவன். வந்து அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தான்.

"மூஞ்சின்னா துணியக் கட்டி மறைச்சிரலாம்க்கா. கைரேகைய நம்மாளுகளுக்கு உப்பு தின்னுட்டு. பெருவிரல வச்சி வச்சிப் பாத்து ரேஷன் கடைல இருந்து எத்தன நாளு வெறும் பையோட திரும்பி வந்திருப்பாவ, உனக்குத் தெரியாதா? நடைய எங்க கொண்டு ஒளிப்ப? அதான் நடைக்கண்ணு வந்த அன்னைக்கு இவியளுக்கெல்லாம் ஒரே சந்தோசம்."

"பெறகு எதுக்குச் செவப்பு?"

"போன திங்கக்கெழம பத்தே காலுக்கு உங்கம்ம ரேஷன் கடைல நிக்கா. அதே பத்தே காலுக்கு ஆஸ்பத்திரிக்குள்ளயும் நுழையுதா. ஒரு ஆளு ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்கக் கூடாதுன்னு புதுசா ஒரு விதி போட்டிருக்காவ."

"ஆஸ்பத்திரிக்குப் போனது யாரு?"

பெலிக்ஸ் அம்மாவைப் பார்த்தான். அம்மா சாளை மீனை உரசிக்கொண்டிருந்தாள்.

"நம்மாளுகள்ல எவளாவது இருக்கும். மிஷினுக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்றான்.

"விடுட்டி. ஒரு மணி நேரத்துல பச்சைக்கு வந்துரும். இதுக்குப் போயி வண்டி ஏறி வந்திருக்கா பாரு" என்றாள் அம்மா.

என்னால் விட முடியவில்லை. அம்மாவும் அவள் கூட்டாளிகள் ஆறு பேரும் முப்பது வருடம் ஒரே வரப்பில் ஒரே சுமையைச் சுமந்தவர்கள். உப்பளத்தை மூடிச் சூரியத் தகடு பரப்பி எட்டு வருடமாகிறது. தலையிலிருந்து சுமை இறங்கிவிட்டது, நடையிலிருந்து இறங்கவில்லை. தெருவில் கருவேப்பிலை வாங்கப் போனாலும் கழுத்தை நிறுத்தி, இடது கையை விலக்கி, விரலால் தார் ரோட்டைக் கவ்வித்தான் நடப்பார்கள். சரி, அதற்காக ஏழு பேரும் ஒரே ஆளா? என் அம்மா ஒரு ஆள் இல்லையா? உப்பள முதலாளிக்கும் அவர்கள் 'ஏழு தலை'தான். சம்பளம் போடும்போது அப்படித்தான் கூப்பிடுவான். இப்போது இயந்திரமும் அதையே சொல்கிறது.

நான் படம் வரைகிறவள். சென்னையில் என்னோடு இருந்தவர்கள் எல்லோரும் அந்த நாளில் கண்காணிப்பை எதிர்த்துத்தான் கலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தன் கண்ணாடித் துண்டு தைத்த சட்டை போட்டுக்கொண்டு நடைக்கண் முன்னால் ஆடுவான். இன்னொருத்தி தான் நடந்த ஒவ்வொரு தெருவையும் சுவரில் எழுதி, 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தலைப்பு வைத்தாள். கைதட்டினார்கள், டீ குடித்தார்கள், கலைந்தார்கள். எனக்கு அப்படி ஒன்று செய்ய மனம் வரவில்லை. இயந்திரத்துக்குத் தெரியாததை நான் பார்த்துக் காட்ட வேண்டும். ஏழு பேரும் ஏழு பேர்தான் என்று.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லவே பயமா இருக்கு. சொன்னா சுவத்துல கொண்டு மாட்டிருவ" என்றாள் அம்மா. ஆனாலும் நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். குடியிருப்புக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் சிமெண்டுத் தரையில் பொடியுப்பை மெல்லிசாகத் தூவினேன். ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக, வெறுங்காலோடு, வெறுங்கையோடு நடக்கவிட்டேன். இரண்டு மாதம்.

"ஏ கழுத, முப்பது வருசம் உப்புல நடந்தோம். ஒருத்தரும் படம் புடிக்கல. இப்ப மூட்டு வலிக்கிற நேரத்துல நடக்கச் சொல்லுதா" என்று புஷ்பம் சித்தி ஏசிக்கொண்டே நடப்பாள். அவளுக்கு முகம் ஊதியிருந்தது. இரண்டு நடைக்கு ஒருமுறை உட்கார்ந்துகொண்டாள். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு மாதம் போல என் வாழ்க்கையில் மறுபடி வரவில்லை. காலையில் ஏழு பேரும் வந்து உட்கார்ந்தால் பேச்சு உப்பளத்துக்குப் போய்விடும். கங்காணி வழுக்கி உப்புத் தண்ணிக்குள் விழுந்தது, மழை வந்தால் அம்பாரத்தை மூட ஓடியது, காலில் வெடிப்புக்கு மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றியது. கஷ்டத்தைத்தான் சொல்வார்கள், ஆனால் சிரிப்பார்கள். நான் தரையில் குப்புறப் படுத்து அடித்தடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் தெரிந்தது. லூர்தம்மாள் சித்திக்கு வலது பெருவிரல் உள்ளே மடங்கும். புஷ்பம் சித்தி இடது குதிகாலை முழுதாக ஊன்றமாட்டாள், எப்போதோ ஏறிய சிப்பி உள்ளேயே இருக்கிறது. அம்மாவுக்கு இடது இடுப்பு ஒரு விரற்கடை வெளியே தள்ளியிருக்கும், அதனால் இடது தடம் வலதைவிட ஆழம். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"காலைல வேலைக்குப் போம்போது உன்ன அங்கனதான வச்சிருப்பேன்" என்றாள்.

அன்று முழுக்க என்னால் வேறொன்றும் வரைய முடியவில்லை.

நாற்பதடி நீளத்தில் ஏழு தாள்கள், கரிக்கோட்டில் ஏழு நடை. சென்னையில் கண்காட்சி வைத்தபோது வந்தவர்கள் தாளின் ஓரமாகவே நடந்து நடந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் மதியம் கைத்தறிச் சேலையில் ஒரு அம்மா வந்தார். நடைப்பதிவுத் துறையில் அதிகாரி என்று அவரே சொன்னார். சண்டைக்குத் தயாரானேன். அவர் சண்டை போடவில்லை.

"இவ்வளவு நுணுக்கமா எங்க ஆளுங்க யாருமே பாத்ததில்ல. எங்க பக்கம் தப்பு நடந்திருக்கு, ஒத்துக்குறேன். இந்த இடுப்பு விஷயத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? கொஞ்சம் சொல்லுங்களேன்."

தப்பை ஒத்துக்கொண்ட அதிகாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் சொன்னேன். விரல், குதிகால், இடுப்பு, ஏழு பேருக்கும் தனித்தனியாக. படங்களை அலுவலகம் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டுத் தாள் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பெருமையாகத்தான் போட்டேன்.

கையெழுத்துப் போட்ட பதினோராம் நாள் காலை பெலிக்ஸ் கூப்பிட்டான். "ஒடனே வா" என்று மட்டும் சொன்னான்.

வீட்டில் ஏழு பேரும் இருந்தார்கள். புஷ்பம் சித்தி சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. பெலிக்ஸ் ஒரு தாளை என் கையில் கொடுத்தான். அம்மாவின் ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல்.

"வாசி" என்றான்.

வாசித்தேன். சந்தனமாரி, வயது அறுபத்து மூன்று. கர்ப்பப்பை அகற்றப்பட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்து மறுபடி கர்ப்பப்பை அகற்றப்பட்டது. கண்புரை அறுவை, இடது கண், மூன்று முறை. சிறுநீரகம் இரண்டும் செயலிழப்பு, வாரம் இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்பு.

"இது என்னடா?"

"ஏழு பேரும்தான். பதிவு எடுத்த அன்னைக்கு நீ ஊர்ல இல்ல. ஆபீஸ்காரன் உப்பளத்துக்கே வந்துட்டான். முதலாளி வேலைய நிறுத்த விடல. சுமையோடயே நடங்க, எடுத்துக்கிடட்டும்னுட்டான். பெட்டியத் தலைல வச்சிக்கிட்டே ஒருத்தி பின்னால ஒருத்தி நடந்தாவ. மொதல்ல போனது உங்கம்ம. மிச்ச ஆறு பேரையும், இவ ஏற்கெனவே பதிஞ்சவதான்னு மிஷினு தள்ளிட்டு. பதினோரு வருசமா இந்த ஏழு பேருக்கும் ஒரே பதிவு. சந்தனமாரி."

"ஏன் யாருமே சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்?" லூர்தம்மாள் சித்தி கேட்டாள். "ரேகை வச்சா தொறக்காத கதவு நடந்தா தொறந்துச்சு. எவ பேருல தொறந்தா என்ன? ரேஷன் கடைக்கு மாறி மாறிப் போவோம். கெடைக்கதப் பங்கு வைப்போம்."

"புதுசாப் பதியலாம்லா?" என்றேன் பெலிக்ஸிடம்.

"பதியலாம். பழைய கைரேகை பொருந்தணும். ரேகை எங்க இருக்கு, நீயே பாரு." புஷ்பம் சித்தியின் கையைத் தூக்கிக் காட்டினான். உள்ளங்கை வழுவழுவென்று மீன் வயிறு போலிருந்தது. "மனு போட்டா நாலு மாசம். இப்ப உன் படத்த வச்சி மிஷினு தெளிவாச் சொல்லுது, இவ சந்தனமாரி இல்லன்னு. குதிகால் ஊனாதவ, பதிவில் இல்லாதவ. எங்கம்மைக்கும் அதே கததான். திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும் புஷ்பம் சித்தி ஆஸ்பத்திரி வாசலோட திரும்பி வந்துட்டா. உள்ள இருக்க நர்சுகளுக்கெல்லாம் விசயம் தெரியும், நல்ல பிள்ளைய. ஆனா கதவு பச்சை காட்டாம ரத்தம் சுத்தம் பண்ணுத மிஷினு ஓடாது."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் பாத்திருக்க. வேற எந்தப் பெத்த பிள்ளையும் இப்பிடிப் பாக்காது. கொஞ்சம் கம்மியாப் பாத்திருக்கலாம்."

பிறகு அவளே கேட்டாள். "ஏட்டி, நீ எங்கள வெறுந்தலையோடதான நடக்க வச்ச?"

"ஆமா."

"சுமையோட பாத்தியா?"

நான் பெலிக்ஸைப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மிஷினுக்குள்ள அடியில கெடக்கது அன்னைக்கு உப்பளத்துல எடுத்த பதிவுதான். சுமையோட எடுத்தது" என்றான் மெதுவாக. "இந்த அக்கா குடுத்த வித்தியாசத்த அதுக்கு மேலதான் எழுதிருக்காவ. அது தெரியலன்னா... பழையபடி எல்லாம் ஒண்ணுதான்."

"இருவத்தஞ்சு கிலோ தலைல ஏறினா இடுப்பு எங்கட்டி தள்ளும்? தள்ளினா கழுத்து ஒடிஞ்சிரும். குதிகால ஊனாம வரப்புல நிக்கவா முடியும்?" என்றாள் அம்மா.

"சித்தியால இப்ப எப்பிடிச் சுமக்க முடியும்? காலப் பாரு!"

"பத்தடி" என்றாள் புஷ்பம் சித்தி, கண்ணைத் திறக்காமலே. "பத்தடிதான. ஆனா எனக்குத் தனியா அந்த நட வராது. முன்னால ஒருத்தி, பின்னால ஒருத்தி போணும்."

"எல்லாரும்தான் போறோம்" என்றாள் லூர்தம்மாள் சித்தி. "ஒருத்தி மட்டும் சுமையோட போனா சந்தேகப்படுவான். ஏழு பேரு போனா வேலைக்காரிகன்னு திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

எனக்கு இன்னும் ஒரு பயம் இருந்தது. "ஒரே கதவுல ஒரே ஆளு ஏழு தடவ நுழைஞ்சா?"

பெலிக்ஸ் அன்று முதல்முறையாகச் சிரித்தான். "ரெண்டு எடத்துல நுழைஞ்சாத்தான் தப்பு. ஒரே எடத்துல எத்தன தடவ நுழைஞ்சாலும் அதுக்குக் கவலையில்ல. வெளியேறுறதப் பாக்கக் கண்ணே கெடையாது. கெழவி எதையோ மறந்துட்டு மறந்துட்டு வாரான்னு நெனச்சிக்கிடும்."

அரிசி கட்டலாம் என்று நான் சொன்னதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. உப்புதான் வேண்டுமாம். வேறு எதற்கும் கழுத்துப் பழக்கமில்லையாம். பெலிக்ஸ் ஆலையிலிருந்து கல்லுப்பு மூட்டைகளை ஆட்டோவில் கொண்டுவந்தான். பழைய பனைப்பெட்டி இரண்டு பேரிடம்தான் இருந்தது. மற்றவர்களுக்கு மூங்கில் கூடை. நான் எட்டாவதாக ஒரு கூடையை எடுத்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துணியைச் சும்மாடாகச் சுற்றி என் தலையில் வைத்தாள்.

மறுநாள் பகல் பதினொரு மணி. ஆஸ்பத்திரி முன்வாசல் முழுக்க வெள்ளைக் கல் பதித்திருந்தார்கள். வெயில் பட்டுக் கண் கூசியது. ஆட்டோவிலிருந்து இறங்கி ஏழு பேரும் முகத்தைத் துணியால் சுற்றினார்கள். சட்டை போட்டிருந்தார்கள். பெலிக்ஸும் நானும் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தோம். புஷ்பம் சித்தியின் தலையில் பெட்டி உட்கார்ந்ததும் அவள் முழங்கால் ஒருமுறை நடுங்கியது. பின்னால் நின்றவள், "கவ்விக்கோ, புஷ்பம்" என்றாள். விரல்கள் வெள்ளைக் கல்லைக் கவ்வின. கழுத்து நின்றது. இடது கை விலகியது.

வாசலைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார்கள். நடை சேர்வதற்காக. முதல் பாதிச் சுற்றில் யார் யாரென்று எனக்குத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. நாற்பதடித் தாளில் அங்குலம் அங்குலமாக வரைந்தவள் நான். விரலைத் தேடினேன், குதிகாலைத் தேடினேன், நான் உட்கார்ந்திருந்த இடுப்பைத் தேடினேன். ஒன்றையும் காணோம். ஏழு வயதில் பள்ளிக்கூடப் பையோடு வரப்பில் நின்றபோது பார்த்த அதே வரிசை வெள்ளைக்குள் வந்துகொண்டிருந்தது.

நடைபாதையில் ஏறினார்கள்.

"சந்தனமாரி. நுழையலாம்" என்றது கதவு. பச்சை.

"சந்தனமாரி. நுழையலாம்."

"சந்தனமாரி. நுழையலாம்."

ஏழு முறை. உள்ளே கண்ணாடிக்கு அப்பால் ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எட்டாவதாக நான் ஏறினேன். கழுத்து வெட்டி வெட்டி வலித்தது. அவர்களைப் போலவே இடது கையை விலக்கினேன், விரலால் தரையைக் கவ்வினேன், ஒரே வேகத்தில் பத்தடியும் நடந்தேன்.

"இசக்கிராணி" என்றது கதவு. "வருகையின் காரணம் பதிவில் இல்லை."

சிவப்பு.

அம்மா ஒரு நாள்கூட என்னைச் சுமக்கவிட்டதில்லை. படிக்க அனுப்பினாள். ஒரே ஒரு கூடை உப்பில் அதையெல்லாம் மாற்றிவிட முடியுமென்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம். எனக்கு மட்டும் என் பேர்.

கண்ணாடிக்குள் ஏழு முதுகுகள் போய்க்கொண்டிருந்தன. கூடையோடு வெளியே நின்று, "அம்மா" என்று கூப்பிட்டேன்.

தலையில் சுமை இருந்தால் தலையை மட்டும் திருப்ப முடியாது. உடம்பு மொத்தமும்தான் திரும்ப வேண்டும். ஏழு பேரும் திரும்பினார்கள்.